பிள்ளைகள் நடக்கிற நடை

தியானப் பகுதி: ஆதியாகமம் 33-ம் அதிகாரம்



ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நம் சபைச் சகோதரி ஒருவர் கிட்டே வந்து தயங்கி நின்றார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்.

"பாஸ்டர், குழுவுல 5,000 ரூபாய் லோன் கேட்டிருக்கேன். கிடைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

"என்ன காரியத்துக்கும்மா?"

"பிள்ளைங்களை தீம் பார்க் கூட்டிட்டுப் போகணும் பாஸ்டர். போன லீவுல நீங்க குடும்பமா போயிட்டு போட்டோ போட்டீங்களே, அதைப் பார்த்ததுலேருந்து பெரியவன் நச்சரிக்கிறான். எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க! என் பிள்ளைங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலையேன்னு ராத்திரியெல்லாம் அழுகை வருது."

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். வாயில் வார்த்தை வரவில்லை. ஆவியானவர் என் இருதயத்தில் குத்தினார். "முதலில் அந்த போட்டோவைப் பற்றிய உண்மையைச் சொல்லு" என்றார். கண்ணைத் திறந்து, "உட்காருங்கம்மா" என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இப்போது உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். அந்தச் சகோதரியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய நீரூற்றுக்கு முன்னால் நான், என் மனைவி, ஏழு வயசு மகன், நாலு வயசு மகள். கீழே நான் எழுதியிருந்தேன்: குடும்பமாய் மகிழ்ந்திருக்கக் கர்த்தர் கிருபை செய்தார், அல்லேலூயா! சபைக் குழுவில் எத்தனையோ பேர் ஆமென் போட்டீர்கள். அந்தப் படம் எடுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நான் என் மகளை அடித்திருந்தேன். அவள் கன்னத்தை அவசரமாகத் துடைத்துவிட்டு, "சிரி பாப்பா, இங்க பாரு, சிரி" என்று அதட்டி எடுத்த படம் அது.

தேவபிள்ளைகளே, நடந்ததைச் சொல்லுகிறேன்.

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்தோம். நம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பிள்ளைகளை விடியற்காலம் மூன்றரைக்கே எழுப்பினோம். முந்தின இரவு ஊருக்குப் போகிற ஆசையில் பத்து மணி வரை அவர்கள் தூங்கவில்லை. என் மனைவியோ தூங்கவே இல்லை. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாற்றுத் துணி, துண்டு, பாப்பாவுக்குப் பால் என்று இரவெல்லாம் அடுப்பங்கரையிலும் பீரோ முன்னாலும் நின்றாள். பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்து, வெளிச்சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் புளிசாதம் நாள் முழுக்க வேனுக்குள் வெயிலில் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

வாசலில் சுவரில் ஒரு அளவுகோல் வரைந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிள்ளையை அதில் சாய்த்து உயரம் பார்த்து டிக்கெட் போடுவார்கள். பாப்பாவுக்கும் டிக்கெட் விழுந்தது. உள்ளே போனால் ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் இன்னொரு அளவுகோல். அதில் பார்த்தால் பாப்பா குட்டை, ஏற்றமாட்டோம் என்கிறார்கள்! டிக்கெட்டுக்கு வளர்ந்த பிள்ளை, ராட்டினத்துக்கு வளராத பிள்ளை. பாதுகாப்புக்காகத்தான் செய்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. வேன் பங்கு, நாலு டிக்கெட், தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு வாடகை, லாக்கர், உள்ளே விற்கிற சாப்பாடு. 6,000 ரூபாய்க்கு மேல் போகிறது. சீட்டுப் போட்டு மாதக்கணக்கில் சேர்த்த காசு. இதைச் சாயங்காலத்துக்குள் வசூல் பண்ணியாக வேண்டும் என்று ஓட ஆரம்பித்தேன்.

மகனைக் கொலம்பஸில் ஏறச் சொன்னேன். அந்தக் கப்பல் ஊஞ்சல் இருக்கிறதே, மேலே போய் வயிற்றைப் பிசைகிறது, அதுதான். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்ப்பா, பயமா இருக்கு" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாவீது கோலியாத்தைப் பார்த்துப் பயந்தானாடா? ஏறு!" வேதத்தை எடுத்து ஒரு சின்னப் பையனை மிரட்டினேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். ஏறினான். இறங்கி நாலு எட்டு வைக்குமுன் வாந்தி எடுத்தான். தாவீதைக் கோலியாத்துக்கு முன் யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவனாகத்தான் போனான் என்பது பிரசங்கியாகிய எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணி, கத்திரி வெயில். சின்ன உடம்பு நம் உடம்பைவிட சீக்கிரம் சூடேறும். தாகமாயிருக்கிறது என்று சொல்லவும் அந்த வயசுக்குத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும். மூன்று முதல் ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். பாப்பா ஐந்தரை மணி நேரந்தான் தூங்கியிருந்தாள். இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் "காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தா இது அழுவுது" என்பதுதான்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, தரையோடு தரையாக ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே கொஞ்சம் நிழல். பாப்பா அதன் முன் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள். கையைக் குவித்துத் தண்ணீரைப் பிடிப்பதும், தன் காலில் ஊற்றுவதும், சிரிப்பதும். அந்த நாள் முழுவதிலும் அவள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான். அலைக்குளத்தில் அலை விடுகிற நேரமாயிற்று என்று சீட்டி கேட்டது. "வா பாப்பா, அலை வருது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்று தரையில் படுத்துப் புரண்டாள். "குழாயில விளையாடவா இவ்வளவு காசு கொடுத்தேன்?" என்று கத்தி, முதுகில் ஒன்று வைத்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் அந்த போட்டோ.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள், பாஸ்டர், விசுவாசிகள் தீம் பார்க்குக்குப் போகலாமா, அது உலகம் அல்லவா என்று. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995-ல் திறந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் வாலிபர் கூட்டத்தில் அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் நடந்தது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இடம் எப்படியிருக்கும் என்றுதான் பேசிக்கொண்டு போனோம்! ராட்டினத்தில் பாவம் இருக்கிறதா என்று நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை. அன்று அந்த மதில் சுவருக்குள் நான் கண்ட பாவம் ராட்டினத்தில் இல்லை, என் கையில் இருந்தது.

வால்ட் டிஸ்னி என்பவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் இரண்டு பெண்பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் குடை ராட்டினத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து விளையாட ஒரு இடம் இருந்தால் என்ன என்று அங்கேதான் எண்ணம் உதித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த எண்ணந்தான் டிஸ்னிலேண்ட் ஆனது. 1955 ஜூலை 17-ல் திறந்தார்கள். எதிர்பார்த்தது 15,000 பேரை, வந்தது சுமார் 28,000 பேர். கள்ள டிக்கெட்டில் வேறு ஜனம் புகுந்துவிட்டது. புதிதாய்ப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் உயரச் செருப்பு அதில் பதிந்தது. குழாய் வேலைக்காரர்களின் வேலை நிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. ஆக, வெயில், வரிசை, தாகம் மூன்றும் முதல் நாளிலிருந்தே கூட வருகிறவைதான், நம்மோடு தொடங்கியவை அல்ல. எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த மனிதருடைய பிள்ளைகள் அன்று அந்தச் சாதாரண ராட்டினத்திலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் போனது அப்பாவுக்குத்தான். எனக்கு அன்று ஒரு பெஞ்சும் பத்து ரூபாய் கடலையும் அந்த ஒழுகிற குழாயும் போதுமாயிருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

திரும்பி வரும்போது இரவு. வேனில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விழுந்து தூங்கினார்கள். என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்: "அது சீட்டுப் போட்டுச் சேர்த்த காசுன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. அதுக்கு நாலு வயசுன்னு ஞாபகம் இல்லையேங்க."

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு ஆராதனை, எனக்குப் பிரசங்கம். அந்தக் கவலையில் டிரைவரிடம், "அண்ணே, ரோடு காலியாத்தானே இருக்கு, கொஞ்சம் அழுத்திப் போங்களேன்" என்றேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். கண்ணாடியில் பின்னால் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் சார். சின்னப் பிள்ளைங்க தூங்குது. வேகமாப் போனா ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போடும். அதுங்களுக்கு ஏத்தாப்புலயே போறேன்."

என் சரீரம் சிலிர்த்துவிட்டது சபையாரே! இது யாக்கோபு பேசின பேச்சல்லவா? வேதாகமப் பாடசாலையில் படித்துப் பரீட்சை எழுதின எனக்கு, கர்த்தர் ஒரு வேன் டிரைவரின் வாயால் ஆதியாகமம் 33-ஐத் திறந்து காட்டினார்.

அந்தப் பகுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். இருபது வருஷம் கழித்து ஏசா 400 பேரோடு வந்து தம்பியைக் கட்டிக்கொள்ளுகிறான். சேர்ந்தே போகலாம் வா என்கிறான். யாக்கோபு என்ன சொல்லுகிறான்? ஐயா, என் பிள்ளைகள் சின்னவர்கள், பால் கொடுக்கிற ஆடுமாடுகள் என்னோடு இருக்கின்றன, ஒரே ஒரு நாள் இவற்றை விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும். நீங்கள் முன்னே போங்கள். நான் இந்தப் பிள்ளைகளும் மந்தையும் நடக்க முடிகிற அளவுக்கு மெதுவாக வருகிறேன் என்கிறான். கவனித்தீர்களா? ஒரே நாள் என்கிறான்! ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வேன் பிடிக்கிற நமக்கு அந்த ஒரு நாள் போதும்.

இந்த யாக்கோபு எப்போதும் இப்படி இருந்தவன் அல்ல. இரண்டு அதிகாரம் முன்னால் போங்கள். லாபானுக்குச் சொல்லாமல், மனைவி பிள்ளைகளை ஒட்டகத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஓடினான். மூன்றாம் நாள்தான் லாபானுக்குத் தெரிகிறது. ஏழு நாள் துரத்திக் கீலேயாத் மலையில் பிடிக்கிறான். அப்படியானால் எந்த ஓட்டம் ஓடியிருப்பான்! அந்தக் கூட்டத்தில் யோசேப்பு இருந்தான். கணக்குப் போட்டால் அப்போது அவனுக்கு ஆறு வயசுக்குக் கிட்டே இருக்கும். என் மகன் வயசுதான். ஒட்டகத்தின்மேல் அவனும் அழுதானோ, வாந்தி எடுத்தானோ, வேதம் சொல்லவில்லை.

ஓட்டமாய் ஓட்டினவன் எப்படி மெதுவாய் நடக்கிறவன் ஆனான்? நடுவில் யாப்போக்கு ஆற்றங்கரை இருக்கிறது. இரவெல்லாம் போராடினான், தொடைச்சந்து சுளுக்கிற்று, விடிந்தபோது நொண்டி நொண்டி நடந்தான். நொண்டுகிறவனுக்குத்தான் பின்னால் தடுமாறி வருகிற சின்னக் கால்கள் கண்ணில் படும். அதுவரை ஆசீர்வாதத்தைப் பிடித்து வாங்கியே பழகினவன், கர்த்தர் தன்னை நொண்ட வைத்த பிறகு பிள்ளையின் காலைப் பார்க்கிறான். கர்த்தர் என்னையும் எங்கேயாவது நொண்ட வைத்திருந்தால் அன்று அந்தக் குழாயடியில் நின்றிருப்பேன். நானோ ஏசாவின் 400 பேர் நடக்கிற நடை நடந்தேன்.

(சேயீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு யாக்கோபு சுக்கோத்துக்குப் போனானே, அது பொய்யில்லையா என்று வாலிபர்கள் கேட்பீர்கள். பாடசாலையில் நாங்களும் கேட்டோம். பதில் வருமுன் மணி அடித்துவிட்டது.)

இன்னொன்று. யாத்திராகமம் 20-ல் ஓய்வுநாள் கட்டளையைக் கர்த்தர் அப்பாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி என்று பேர் பேராகச் சொல்லுகிறார். 23-ம் அதிகாரத்தில் மாட்டையும் கழுதையையும்கூடச் சேர்க்கிறார். கழுதைக்கு இளைப்பாறுதல் உண்டு தேவபிள்ளையே! விடுமுறை என்று பேர் வைத்து விடியற்காலம் மூன்றரையிலிருந்து நான் விரட்டின என் பிள்ளைகளுக்கு அது இல்லை. இரவெல்லாம் புளிசாதம் கட்டின என் மனைவிக்கும் இல்லை. மறுநாள் காலையில் பிரசங்க பீடத்தில் நின்று எதைப் பற்றிப் பேசினேன் தெரியுமா? வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களுக்கு இயேசு தருகிற இளைப்பாறுதலைப் பற்றி. முன் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே பிரசங்கித்து முடித்தேன்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பாப்பா முன் முழங்காற்படியிட்டேன். சபைக்கு முன்னால் முழங்காற்படியிடுவது சுலபம், நாலு வயசுப் பிள்ளைக்கு முன்னால் கஷ்டமாக இருந்தது. "அப்பா அடிச்சது தப்பு பாப்பா. என்னை மன்னிச்சிடு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அண்ணன்கிட்டயும் சொல்லு" என்றாள்.

அண்ணன்கிட்டயும் சொன்னேன்.

ஆனால் அந்த போட்டோவை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அதற்குக் கீழே எழுதின பொய்ச்சாட்சியும் கிடந்தது. ஒரு வருஷம் கழித்து, அது ஏழைச் சகோதரி ஒருவரை வட்டிக்குக் கடன் வாங்குகிற இடம் வரைக்கும் கொண்டு வந்து நிறுத்திவிட்டது. நாம் சந்தோஷம் என்று ஊருக்குக் காட்டுகிற படத்தைப் பார்த்து எந்த வீட்டில் எந்தத் தாய் அழுகிறாள் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். பாஸ்டர் இப்படியா என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை.

நம் கூடுகைகளையும் இந்த அதிகாரத்தின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. முழு இரவு ஜெபத்தில் தூங்கி விழுகிற பிள்ளையைக் கிள்ளி எழுப்புகிற தாய்மாரை நான் பலமுறை பார்த்தும் சும்மா இருந்திருக்கிறேன். சிலவேளை மெச்சியும் இருக்கிறேன். இனி பின்கட்டில் பாய் விரித்து, விளக்கை அணைத்து வைப்போம். பிள்ளைகள் தூங்கட்டும். மூத்த தாய்மாரில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். இந்த வருஷ விடுமுறை வேதாகமப் பள்ளியையும் பதினொரு மணிக்கே முடித்துவிடலாம் என்று மூப்பர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பாட்டு ஒன்று இரண்டு குறையும், அவ்வளவுதான்.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு, "அப்ப லோன் வேணாமா பாஸ்டர்?" என்றார். "நீங்களே தீர்மானம் பண்ணுங்கம்மா. எதுவா இருந்தாலும் நான் ஜெபிக்கிறேன்" என்றேன்.

மே முதல் வாரம், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, 1958-ல் கட்டி முடித்த நம் சாத்தனூர் அணைக்குப் போய் வந்திருக்கிறார். பிள்ளைகளாக எழுந்த பிறகுதான் கிளம்பினார்களாம். பூங்காவில் மர நிழலில் சின்னவள் மடியிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினாளாம். அவள் எழும்பும் வரைக்கும் தானும் மரத்தில் சாய்ந்து கண் அசந்ததாகச் சொன்னார். பகலில் தூங்கி எத்தனை வருஷமாயிற்றோ என்றார். வறுத்த மீன் வாங்கித் தின்றார்களாம். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிட்டார்கள்.

ஞாயிறு பள்ளியில் பெரியவனைப் பிடித்துக் கேட்டேன், "என்னடா தம்பி, முதலைப் பண்ணை பார்த்தியா? முதலை என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல பாஸ்டர். வாயைத் தொறந்துக்கிட்டே தூங்குச்சு. நாங்க ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்றான்.